இருபத்து நான்காவது குரல்

ஜனவரி 20, திங்கள்

மலைநடைப் பட்டியலில் என் பெயர் வந்துவிட்டது. இருபத்து மூன்றாவதாக, தாளின் ஓரத்தில் நசுங்கிப்போய். ஆனாலும் இருக்கிறது.

இவ்வளவு இழுபறிக்குக் காரணம் போன டிசம்பர். அரையாண்டுத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு மைக் ரூமில் யாரும் இல்லை. நான் இருந்தேன். தலைமையாசிரியர் குரலில், "மாணவச் செல்வங்களின் நலன் கருதி இன்று பிற்பகல்..." என்று ஆரம்பித்து முடிப்பதற்குள் பாதிப் பள்ளிக்கூடம் சைக்கிள் ஸ்டாண்டில் நின்றது. ஹெச்.எம். தாமே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டதாக என் வகுப்பு ரபீக் சொல்கிறான். நான் அதை நம்பவில்லை. நம்பாமலே எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

அப்பா ஆசைப்பட்டு வஞ்சி என்று பெயர் வைத்தார், கொடி என்ற அர்த்தத்தில். நான் அடுத்த அர்த்தத்தில் வளர்ந்துவிட்டேன்.

பி.டி. துரைசிங்கம் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இங்க பாரு வஞ்சி. உனக்காக ஹெச்.எம். கிட்ட நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். மலையில ஒரு சேட்டை, ஒரே ஒரு சேட்டை பண்ணேன்னு வை, ஆண்டு விழாவுல உன் பேரை அடிச்சிருவேன்."

பிப்ரவரியில் ஆண்டு விழா. பத்து நிமிடம், மேடை முழுவதும் எனக்கு. 'பலகுரல்: வஞ்சி, பதினொன்றாம் வகுப்பு ஆ பிரிவு' என்று நிகழ்ச்சி நிரலில் அச்சே ஆகிவிட்டது. ஆறாம் வகுப்பிலிருந்து இதற்காகத்தான் தொண்டையைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன்.

"வாயே திறக்க மாட்டேன் சார்" என்றேன், அவர் குரலிலேயே.

முறைத்தார். சரி, அது கடைசி.

ஜனவரி 21, செவ்வாய்

மைதானத்தில் ஒத்திகை. நடப்பதற்கு அல்ல, எண்ணுவதற்கு.

சார் பதினெட்டு வருடமாகப் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போகிறார். ஒரு பிள்ளையைக்கூடத் தொலைத்ததில்லை. இதைச் சொல்லும்போது அவர் மீசை தானாக மேலே ஏறுகிறது. அவருடைய ரகசியம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. பெயர் கொடுத்த வரிசையில் ஆளுக்கொரு எண். அரை மணிக்கு ஒரு தடவை "எண்ணிக்கை!" என்று கத்துவார். ஒன்றிலிருந்து இருபத்து நாலு வரை அவரவர் எண்ணை அவரவர் கத்த வேண்டும். கடைசி எண் வந்ததும் "முழுசு!" என்பார். விசில். யாராவது தடுமாறினால் மறுபடி ஒன்றிலிருந்து.

"யாராச்சும் தனியா மாட்டிக்கிட்டா ஓடாதீங்க, தேடாதீங்க. நின்ன எடத்துலயே நில்லுங்க. அடுத்த எண்ணிக்கையில ஒண்ணு குறையும். குறைஞ்சா நாங்க திரும்பி வருவோம். புரியுதா? நீங்க எங்களைத் தேட வேணாம். எண்ணிக்கை உங்களைத் தேடி வரும்."

இருபத்து நாலாவது ஆள் செலின். அவளும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. போகலாமா வேண்டாமா என்று படிவத்தை ஒரு வாரம் பையிலேயே வைத்திருந்து கடைசியாகக் கொடுத்தாள். செலினுக்குப் பேச்சு திக்கும். பேச்சு மட்டும்தான். மாதா கோயிலில் பாடும்போது ஒரு சொல் தடுக்காது. அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும்.

முதல் தடவை இருபத்து மூன்று வரை வந்தோம். "இ... இ... இ..." என்றாள். மறுபடி ஒன்றிலிருந்து. இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன் ஒருத்தன், "கிக்கர் அடிச்சுட்டே இருக்கா, வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது" என்றான். சிரித்தார்கள். செலின் காது சிவந்துவிட்டது.

நாலாம் தடவை நான் "இருபத்தி மூணு" என்று என் குரலில் சொன்னேன். உடனே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு, உதடு அசையாமல், செலின் பாடுகிற குரலில் "இருபத்தி நாலு."

சார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "முழுசு!"

மிமிக்ரிப் பயிற்சி. வேறு காரணம் எதுவுமில்லை. வெயிலும் அடித்தது.

ஜனவரி 22, புதன்

கணக்கு மாதத் தேர்வுத் தாள் வந்தது. நூற்றுக்கு இருபத்து நாலு. இந்த எண் என்னை விடுவதாக இல்லை.

ஜனவரி 23, வியாழன்

இன்றைக்கும் ஒத்திகை. இன்றைக்கும் நான்தான் இருபத்து நாலு. ரபீக்குக்கு மட்டும் தெரிந்துவிட்டது. அவன் இருபத்து ரெண்டு, பக்கத்தில் நிற்கிறான். "டபுள் ஆக்ட்" என்று கண்ணடித்தான்.

இடைவேளையில் செலின் ஒரு தாளை நகர்த்தினாள். 'மலையில் நானே சொல்லிக்கொள்கிறேன். வீட்டில் சொல்லிப் பார்த்தேன், வருகிறது.' அதற்குக் கீழே சின்னதாக, 'கொஞ்ச நேரம் ஆகும்.'

'சரிங்க மேடம்' என்று எழுதி, பக்கத்தில் பி.டி. சார் மீசையை வரைந்து திருப்பிக் கொடுத்தேன். அவள் சிரிக்கவில்லை. தாளை என் பக்கமே தள்ளிவிட்டாள். அது என் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. நல்ல தாள், வீணாக்குவானேன்.

சாயங்காலம் ஷூவுக்கு வெள்ளைப் பாலிஷ் போட்டேன். "மலைக்குப் போறதுக்கு எதுக்குடி இந்த வெள்ளையடிப்பு? பொங்கல்தான் முடிஞ்சிருச்சே" என்றாள் அம்மா. எனக்கு வாய் எங்கிருந்து வந்தது என்று ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும்.

ஜனவரி 24, வெள்ளி

புளியோதரை, தண்ணீர், தொப்பி, இந்த நோட்டு. பையில் இடமிருந்ததால் இரண்டு ஆரஞ்சு வைத்தேன். "ஆரஞ்சு காய்க்கிற மலைக்கு ஆரஞ்சு தூக்கிட்டுப் போற ஒரே ஆளு நீதான்" என்று அம்மா எடுத்து வெளியே வைத்துவிட்டாள்.

ஜனவரி 25, சனி
காலை 8.40, மஞ்சக்கானல்

பதினான்கு கொண்டைஊசி வளைவு. கோமளா மிஸ் ஏழு வளைவு வரை மிஸ்ஸாக இருந்தார், அதற்குப் பிறகு ஜன்னலாகிவிட்டார். அவரால் நடக்க முடியாது. பஸ்ஸோடு சுற்றிக்கொண்டு கீழ்க்கோம்பையில் வந்து காத்திருப்பார். நாங்கள் இங்கிருந்து மலைக்குள்ளேயே பதினோரு கிலோமீட்டர் இறங்கி அங்கே போய்ச் சேர வேண்டும்.

ஊர் முழுவதும் தார்ப்பாயில் காப்பிக்கொட்டை காய்கிறது. தகரக் கூரைகளுக்கு மேல் புகையும் பனியும் எது எதுவென்று தெரியாமல் கலந்திருக்கின்றன. வார்டு மெம்பர் ஒருவர் மப்ளரோடு வந்து சாரிடம் வழி சொன்னார். "பிரியுற எடத்துல எல்லாம் கல்லுல சுண்ணாம்பு வச்சிருக்கோம் சார். அதையே பிடிச்சுப் போங்க. அகலமா இருக்கேன்னு குதிரைப் பாதையில மட்டும் எறங்கிறாதீங்க. அது எஸ்டேட் கேட்டுல போயி முட்டும்."

"வரிசையில கடைசி ஆளா வர்றதுக்குப் பொறுப்பான பிள்ளை வேணும்" என்று சார் எங்களைப் பார்த்தார். பார்வை என்மேல் நிற்காமலே தாண்டியது. "செலின். நீ வா. உனக்குப் பின்னாடி யாரும் இருக்கக் கூடாது. சரியா?" செலின் தலையாட்டினாள். நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

முதல் எண்ணிக்கை. செலின் வாயைத் திறந்தாள். "இ..." மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணிப் பார்த்தேன். வரவில்லை. நான் சொல்லிவிட்டேன்.

"முழுசு!"

அவளுடைய டிபன் பாக்ஸைத் தின்றுவிட்டவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

"நேரமாகுதுல்ல?" என்றேன்.

பகல் 11.15, பெரிய பாறை

இதுவரை ஆறு எண்ணிக்கை. ஆறிலும் இரட்டை வேடம், குரல் ஒரு தடவைகூடப் பிசகவில்லை. சொல்லிக்கொள்வதில் என்ன வெட்கம், நான் கெட்டிக்காரி.

பாறைக்குக் கீழே மலைவாழைத் தோப்பு. அதற்கும் கீழே காப்பி, சில்வர் ஓக் மரங்கள், மரத்துக்கு மரம் மிளகுக் கொடி. அதற்கெல்லாம் அப்பால் எங்கள் ஊர் தீப்பெட்டியளவில் கிடக்கிறது. பள்ளிக்கூடத்தைக் கண்டுபிடித்து எல்லோரும் அதன்மேல் கட்டைவிரலை வைத்து நசுக்கினோம்.

செலின் மஞ்சக்கானலில் ஒரு அக்கா கொடுத்த ஆரஞ்சை உரித்து எல்லோருக்கும் சுளை சுளையாகக் கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள். முகத்தை மட்டும் கொடுக்கவில்லை.

கோபம் போலிருக்கிறது. உதவி செய்தால் கோபம். உலகம் இப்படித்தான்.

சார் விசில் ஊதுகிறார். கிளம்புகிறோம்.

மாலை 5.20, பஸ்ஸில்

எழுத்து கோணலாக வருவதற்குப் பஸ்தான் காரணம் என்று வைத்துக்கொள்கிறேன்.

பாறையை விட்டதும் இறக்கம். வரிசை சிதறிவிட்டது. நான் நடுவில் இருந்தேன். என்னைச் சுற்றி ரபீக்கும் ஏழெட்டுப் பேரும். ஹெச்.எம்., கேன்டீன் அக்கா, 'மதுரை, பெரியகுளம், தேனி' என்று ஏலம் போடுகிற கண்டக்டர் என்று ஒவ்வொருவராக எடுத்துவிட்டேன். ஆண்டு விழாவில் செய்யப்போகிற மொத்தத்தையும் அந்த இறக்கத்தில் செய்துகாட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு ஓடை வந்தது. சார் அக்கரையில் நின்று, "எண்ணிக்கை!"

எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. "இருபத்தி ரெண்டு" என்றான் ரபீக். "இருபத்தி மூணு" என்றேன். அதே மூச்சில், ஷூவின் வெள்ளை போய்விடாமல் கல் பார்த்துக் கல் தாவிக்கொண்டே, "இருபத்தி நாலு."

"முழுசு!" விசில்.

எண்ணாமல் எண்ணிவிட்டேன்.

அரை மணி நேரம் நடந்ததும் பாதை ஒரு இரும்புக் கேட்டில் முட்டியது. பூட்டு. உள்ளே இரண்டு நாய்கள் குரைத்தன. சார் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். "குதிரைப் பாதையில வந்துட்டோம்பா. எங்கயோ சுண்ணாம்பை விட்டுட்டோம்."

"குளுக்கோஸ் பாக்கெட் செலின்கிட்டதான் இருக்கு" என்று திரும்பினான் ரபீக். "செலின்!"

எல்லோரும் திரும்பினோம். எங்களுக்குப் பின்னால் பாதை மட்டும் இருந்தது.

சார் பதறவில்லை. அதுதான் என்னைப் பதறவைத்தது. "ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க. ஓடையில எண்ணிக்கை முழுசா வந்துச்சு. அப்போ ஓடைக்கும் கேட்டுக்கும் நடுவுலதான் எங்கயாச்சும் நிப்பா. ரபீக், நாலு பேரைக் கூட்டிட்டு ஓடை வரைக்கும் பாரு. அதுக்கு மேல போகாத. மத்தவங்க என்கூட இந்த வேலி ஓரமா வாங்க."

ரபீக் என்னைப் பார்த்தான். அவன் சொல்ல மாட்டான். நானும் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் 'ஓடை வரைக்கும்' என்று சார் சொன்னாரே. ஓடைவரை தேடுவார்கள், வேலி வேலியாகத் தேடுவார்கள். செலின் ஓடைக்கே வந்தாளா என்று எனக்குத் தெரியாது. அது தெரியாது என்பது எனக்கும் ரபீக்குக்கும் மட்டும்தான் தெரியும்.

ஆண்டு விழாப் பத்து நிமிடமும் ஒரு நொடியில் கண்ணுக்குள் ஓடி முடிந்தது, கைதட்டல் உட்பட.

"சார்."

"என்னம்மா, சீக்கிரம் சொல்லு."

"ஓடையில சொன்னது செலின் இல்ல சார். நான்."

அவருக்குப் புரியவில்லை. "அவ குரல் கேட்டுச்சே?"

அதனால் இன்னொரு தடவை செய்துகாட்ட வேண்டியிருந்தது. "இருபத்தி நாலு."

நான் குரல் மாற்றிப் பேசி யாருமே சிரிக்காதது அதுதான் முதல் தடவை.

"எப்ப இருந்து?"

"செவ்வாக்கிழமையில இருந்து சார்."

"அவளை உன் கண்ணால கடைசியா எங்க பாத்த?"

"பாறையில சார். ஆரஞ்சு குடுத்தா."

திட்டியிருந்தால் அந்தத் திட்டை அவர் குரலிலேயே பேசி ஒரு வாரம் ஓட்டியிருப்பேன். திட்டவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டார். "எல்லாரும் திரும்புங்க. பாறை வரைக்கும். நடங்க."

இறங்கியதெல்லாம் இப்போது ஏற்றம். "செலின்! செலின்!" என்று ஆளாளுக்குக் கத்தினோம். பதில் வரவில்லை. பதில் சொல்ல அவளுக்கு எவ்வளவு நேரமாகும் என்று யாரும் நின்று கேட்கவுமில்லை. நான்தான், "கத்திட்டுக் கொஞ்சம் நில்லுங்க, கொஞ்சம் நில்லுங்க" என்று எல்லோரையும் நிறுத்தி நிறுத்திக் காது கொடுத்தேன். தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது.

ஓடையைத் தாண்டியதும் மணிச் சத்தம். வாழைத்தார் ஏற்றிய இரண்டு குதிரைகளோடு ஒருவர் இறங்கி வந்தார். எங்களைப் பார்த்ததும் நின்றார்.

"நீங்கதானா அந்தப் புள்ளையோட ஆளுக? மேல ஒரு கல்லுகிட்ட நிக்குது. வாத்தா, கூட்டிட்டுப் போயி விடுறேன்னேன். வர மாட்டேன்னு தலையாட்டிருச்சு. எங்க ஆளுக எண்ணிப் பாத்துட்டு வருவாங்கன்னு, பாவம், திக்கித் திக்கிச் சொல்லுச்சு." சாரை ஏற இறங்கப் பார்த்தார். "எண்ணுறதுக்கு இம்புட்டு நேரமாய்யா?"

சாருடைய பதினெட்டு வருடத்தை நான் எடுத்துவிட்டேன்.

அடுத்த திருப்பத்தில் செலின் நின்றுகொண்டிருந்தாள். காலடியில் ஒரு கல். அதை மூடியிருந்த உண்ணிச்செடியை வெறும் கையால் ஒடித்துப் போட்டிருந்தாள், கையெல்லாம் கீறல். கல்லில் கை அகலத்துக்குச் சுண்ணாம்பு. அவளுக்குப் பின்னால் புதருக்குள் ஒரு ஒற்றையடிப் பாதை இறங்கியது. அங்கே ஒரு பிரிவு இருப்பதே தெரியாமல் இருபத்து மூன்று பேரும் ஒரு சாரும் அகலப் பாதையில் கடந்து போயிருக்கிறோம்.

எங்களைப் பார்த்ததும் அவள் அழவில்லை. சாரைப் பார்த்துக் கேட்டாள். "எ... எண்ணவே இல்லையா சார்?"

"எண்ணினோம்மா. தப்பா எண்ணிட்டோம்."

'எண்ணிட்டோம்' என்றார். என்னைக் கைகாட்டவில்லை. அதனால் நானே முன்னால் போனேன். "உன் நம்பரை நான் சொல்லிட்டேன், செலின். நீ பின்னாடி இருக்கியான்னு பாக்காமலே சொல்லிட்டேன்."

அவள் என்னைப் பார்க்காமல், சாரிடம் நடந்ததைச் சொன்னாள். எவ்வளவு நேரமானாலும் யாரும் இடையில் சொல் எடுத்துக் கொடுக்கவில்லை. செடிக்குள் வெள்ளையைப் பார்த்திருக்கிறாள். கூப்பிட்டிருக்கிறாள். "சா..." என்று ஆரம்பித்துச் 'சார்' வந்து சேர்வதற்குள், நான் காட்டிய வேடிக்கையில் சிரித்துக்கொண்டே நாங்கள் திருப்பத்தைத் தாண்டிவிட்டோம்.

"பி... பின்னாடியே ஓடி வந்திருப்பேன் சார். வந்துட்டா இந்தக் க... கல்லு எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியாமப் போயிரும். எண்ணினா ஒண்ணு கு... குறையும்ல. நீங்க வருவீங்க. அதான் நின்னேன்."

"பயமா இல்லையா?" என்று கேட்டேன்.

இப்போது என்னைப் பார்த்தாள். "மொதல்ல இல்ல. அ... அரை மணி தாண்டினப்புறம் இருந்துச்சு."

இந்த வரியை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வெளியே ஒன்றுமில்லை.

"எண்ணிக்கை" என்றார் சார். கத்தவில்லை.

ஒன்று. இரண்டு. ஒவ்வொருவரும் தன் எண்ணை வகுப்பில் பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னார்கள். "இருபத்தி ரெண்டு." "இருபத்தி மூணு" என்றேன். சொன்னதும் பல்லால் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"இ..."

கீழே எங்கோ குதிரை மணி கேட்டது. சார் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கிக்கர் ஜோக் அடித்த அண்ணன் தன் ஷூவைப் பார்த்தான்.

"இ... இரு..."

அந்தச் சொல் என் நாக்கு நுனியில் தயாராக நின்றது. ஐந்து நாள் பழக்கம். உதட்டை இன்னும் அழுத்திக் கடித்தேன்.

"இருபத்... தி... நாலு."

பிறகு சார், "முழுசு" என்றார். விசிலை வாய்வரை கொண்டுபோய், ஊதாமல் இறக்கிவிட்டார்.

அவள் குரலை இத்தனை நாள் அச்சு அசலாகப் பிடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் வாயால் கேட்டபோதுதான் தெரிந்தது, நான் பிடித்தது பாதிகூட இல்லை.

மிச்ச வழி முழுக்க செலின்தான் முன்னால். "வெள்ளையைக் கண்டுபிடிச்ச ஆளு முன்னாடி போகட்டும்" என்றார் சார். கல்லுக்குக் கல் அவள் கையைத் தூக்கிக் காட்ட, இருபத்து மூன்று பேரும் ஒரு சாரும் அவள் கையைப் பார்த்து இறங்கினோம். என் பெஞ்சுக்காரி என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்ல நினைத்தேன். சொல்ல யாரும் இல்லை. கடைசி ஆள் நான். பின்னால் யாருமில்லாமல் நடந்தால் முதுகு எவ்வளவு அகலமாகிறது என்று இன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

நாலு ஐம்பதுக்குக் கீழ்க்கோம்பை. பஸ் ஏறுவதற்கு முன் சார் என்னை நிறுத்தினார்.

"ஆண்டு விழா கிடையாது. தெரியும்ல?"

"தெரியும் சார்."

"ஹெச்.எம். கிட்ட நீயே போயிச் சொல்லணும்."

"சரி சார்."

இரண்டு எட்டு நடந்தவர் திரும்பி வந்தார். "எஸ்டேட் கேட்டுகிட்ட வாயைத் திறந்தியே..." என்று ஆரம்பித்தார். ஊத ஒன்றுமே இல்லாத நேரத்தில் விசிலை ஊதிவிட்டுப் போனார்.

பஸ்ஸில் செலின் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். பிறகு, "இனிமே என் நம்பரைச் சொ... சொன்னா கடிச்சு வச்சிருவேன்" என்றாள்.

"எங்க?" என்றேன்.

"நாக்குல."

ஜோக்கை நான் தொடங்க, அவள் முடித்துவிட்டாள். இப்போது என் தோளில் தூங்குகிறாள். எழுத்து கோணலாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஜனவரி 27, திங்கள்

ஹெச்.எம். அறைக்குப் போய் முழுவதும் சொன்னேன். மலை, ஓடை, கேட், எதையும் மறைக்கவில்லை. நீளமாகத் திட்டினார். பெயரை அடித்தார். நான் கதவுவரை போனதும், "நில்லு" என்றார். "அன்னைக்கு மைக்ல... என் குரல் நெஜமாவே அப்படியாம்மா இருக்கு?"

"இல்ல சார்" என்றேன், என் குரலில்.

பிப்ரவரி 8, சனி

ஆண்டு விழா. நிகழ்ச்சி நிரலில் என் பெயர்மேல் கறுப்பு மையால் கோடு போட்டிருந்தார்கள். நானூறு தாளிலும் கையாலேயே போட்டிருக்கிறார்கள். இவ்வளவு உழைப்பு எனக்காகவா என்று பூரித்துப்போனேன்.

எனக்குக் கிடைத்த வேலை நாற்காலி எண்ணுவது. யார் போட்ட வேலை என்று சொல்லத் தேவையில்லை. ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு எண்ணினேன். சார் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். செலின் மறுகோடியிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தாள், வாய்விட்டு, அவளுக்கு ஆகிற நேரமெடுத்து. பாதியில் இரண்டு பேரும் சந்தித்தோம். முந்நூற்று அறுபது. முழுசு.

என்னுடைய பத்து நிமிடத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கோலாட்டம் ஆடினார்கள். நன்றாகவே ஆடினார்கள். அந்த நேரத்தில் ரபீக் பின்வரிசைக்கு வந்து குனிந்தான்.

"சும்மாதானே உக்காந்திருக்க? யாருக்கும் கேக்காது. செலின் குரல்ல ஒரே ஒரு தடவை பேசிக் காட்டேன்."

செலின் எனக்கு அடுத்த நாற்காலியில் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போடா" என்றேன். "அந்தக் குரலுக்கு ஆள் இருக்கு."